வாலிபாலுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எனக்கு எழுபத்து மூணு வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். அதில் நான் பெற்றது நாலு, மிச்சம் மூணும் கொழுந்தன் பிள்ளைகள். ஒன்றும் சோடை போகவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் மூணாப்போடு சரி. பேரெழுதத் தெரியும், பஸ் போர்டு வாசிக்கத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன வாரம் பேரன்மார் ரெண்டு பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே சண்டை. அவர்களுடைய கிரிக்கெட் டீமுக்கு ஏலத்தில் யாரை எடுப்பது என்று. பெரியவன், வெளிநாட்டுக்காரன் ஒருத்தனைக் கொண்டுவந்தால்தான் ஆச்சு என்கிறான். சின்னவன், இருக்கிற சின்னப் பயலையே வளர்த்து எடுக்கணும் என்கிறான். இவன்கள் சொல்வதை அந்த டீம்காரன் கேட்கப் போவதில்லை. ஆனாலும் தட்டில் சோறு காய்கிற வரைக்கும் பேசினார்கள். இப்படி ஒரு பேச்சினால்தான், ஒன்பது வயதில், என் ரெண்டு கண்ணும் அவிந்து போகப் போகிறது என்று நான் பயந்து கிடந்தேன்.

அப்போது ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மில்லில் ஃபிட்டர் வேலை. எங்கள் தெருவுக்கு ஒரு வாலிபால் டீம் இருந்தது, அதற்கும் அப்பாதான் தலை. வாலிபாலில் ஓங்கி அடிக்கிறவனுக்குத்தான் கைதட்டு. ஆனால் அவனுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்க வலைக்குப் பக்கத்தில் ஒருத்தன் நிற்பான். லிஃப்டர் என்பார்கள். அவன் விரல் சரியில்லையென்றால் மற்ற அஞ்சு பேர் இருந்தும் இல்லாத மாதிரிதான். எங்கள் லிஃப்டருக்குப் போலீசில் வேலை கிடைத்து அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பந்தயத்துக்கு ஒரு மாசம்தான் பாக்கி. தெருவே எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு எதிரே டீக்கடை. அந்த பெஞ்சில் அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு பத்து நாள் ஓயவில்லை. மூணு கட்சி. என் தாய்மாமா வெளியூர்க் கட்சி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நெட்டையன் இருக்கிறான், கையில் காலில் விழுந்தாவது அவனைக் கூட்டி வரணும் என்பார். அப்பா சொந்தப் பிள்ளைக் கட்சி. வெளியூர்க்காரன் வந்த வழியே போய்விடுவான், நம்ம மண்ணில் பழகினவன்தான் நிலைப்பான் என்பார். அவர் சொன்னது என் அண்ணனை. அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயது. அரவை ஆலையில் பருத்தி சுமந்துகொண்டிருந்தான். மூணாவது கட்சியில் தையற்கடைக்காரர் ஒருத்தர் மட்டும்தான். நம்ம அடிக்கிற ஆளை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்குக் கொடுத்துவிட்டு அவன் லிஃப்டரை நாம் வாங்கிக்கொள்ளலாம் என்பார். இதென்ன பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிற சம்பந்தமா ஓய் என்று எல்லாரும் சிரிப்பார்கள். அவர் வீட்டில் தெலுங்கு. கோபம் வந்தால் தெலுங்கிலேயே திட்டிவிட்டுக் கடைக்குப் போய்த் தைக்க உட்கார்ந்துவிடுவார்.

சிரித்த கூட்டத்தில் சிரிக்காதவள் நான் ஒருத்திதான். அண்ணனைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அவனுக்கு மாலைக்கண்.

முந்தின வருசம் காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து வந்தது. பகலில் ஊசியில் நூல் கோப்பான். விளக்கு வைக்கிற நேரமானால் எதிரே வருகிற மாடு தெரியாது. ஒருநாள் மசங்கலில் வண்டி மேல் போய் முட்டிக்கொண்டு விழுந்ததை நான் பார்த்துவிட்டேன். முழங்காலில் ரத்தத்தோடு என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு அண்ணன் சொன்னான். “யார்ட்டயாவது வாயைத் தொறந்த, எனக்கு மில்லும் கெடையாது, கல்யாணமும் கெடையாது, பாத்துக்க. அம்மன் மேல சத்தியம் பண்ணு.” செய்தேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடப்பான். தங்கச்சி மேல் எம்புட்டுப் பாசம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நல்லா விளையாடுகிற பையன்களை மில்காரர்கள் வேலைக்கு எடுத்த காலம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பந்தயத்துக்கு மில் ஆபீசர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். அண்ணனுக்கு அந்த வேலைமேல் உயிர். ஆனால் பந்தயம் நடப்பது பொழுது சாய்ந்து, டியூப் லைட் போட்டு. அத்தனை பேர் முன்னால் பந்து எது வலை எது என்று தெரியாமல் அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றால் அத்தோடு முடிந்தது. மில்லில் பாதி வேலை ராத்திரி ஷிப்டு. கண் தெரியாதவனை யார் சேர்ப்பார்கள்? இந்தத் தடவை ஆடாமல் இருந்தால் அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம். அம்பலமாகிவிட்டால் அடுத்த வருசமே கிடையாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பீர்கள். தெரிந்தது. பயத்தில் புத்தி வந்துவிடும்.

பழகும்போது அண்ணன் பொழுது சாய்வதற்குள் எதையாவது சொல்லிக் கிளம்பிவிடுவான். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். “விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு ஓடுத புதுப்பொண்ணு கையில டீமைக் குடுக்கச் சொல்லுதீகளா மச்சான்?” என்று பெஞ்சே அதிரக் கேட்டார். மாமாவுக்குத் தெரிந்துவிட்டதோ என்று வாசல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா டீயை ஒரு மடக்குக் குடித்தார். “அவங்க அம்மைக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க வாரான். ஒம்ம மாதிரி அக்கா வீட்டுல உக்காந்து திங்கச் சொல்லுதீரா மாப்ள?” என்றார். எல்லாரும் மாமாவைப் பார்த்துச் சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பேசிப் பேசி அடிதடி வரைக்கும் போன பிறகு, தெரு அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், ரெண்டும் இலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்று போய் ஒன்றை எடுக்கும். அதுதான் அம்மன் வாக்கு. வெள்ளை வந்தால் அண்ணன், சிவப்பு வந்தால் கோவில்பட்டி நெட்டையன். அப்பா பூவைத் தொடக் கூடாது, பூசாரிதான் கட்டணும் என்றார் மாமா. அப்பா உடனே சரி என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சட்டென்று சரி சொல்லி நான் பார்த்ததில்லை. எடுக்கிற பிள்ளை யார்? அப்பாவுக்கு மகள், மாமாவுக்கு மருமகள், ரெண்டு கட்சிக்கும் பொது என்று என்னைக் கை காட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கிணற்றடியில் அண்ணன் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே கெஞ்சினான். “ஏட்டி, எடுக்கும்போது வெள்ளைன்னு மனசுல நெனச்சுக்க. டியூப் லைட்டு பட்டப்பகல் மாதிரி இருக்குமாம். நான் சமாளிச்சுருவேன்.”

சரி என்று தலையாட்டினேன். ஈரப் பாவாடையோடு கோயிலுக்குப் போனேன். தெரு முழுக்க நின்றது. பூசாரி என் முகத்தைப் பார்க்காமலே திருநீறு பூசிவிட்டார். ரெண்டு பொட்டலமும் ஒன்றுபோலக் கிடந்தன. கண்ணை மூடினேன். தாயே சிவப்பு, தாயே சிவப்பு, அண்ணன் வேண்டாம், சிவப்பு என்று வேண்டினேன். அண்ணனிடம் ஒன்று சொல்லிவிட்டுச் சாமியிடம் வேறு ஒன்றைக் கேட்கிறோமே என்று நினைக்கும்போதே ஒன்றுக்கு வந்துவிடும் போலிருந்தது. கைக்கு வந்ததை எடுத்தேன். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

மாமா ஆட்கள் சத்தம் போட்டார்கள். மற்றதையும் பிரிங்க என்று யாரோ சொன்னதற்கு, அம்மன் சொன்ன பிறகு சோதிச்சுப் பார்க்கப்படாது என்று அப்பா அந்தப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தோற்ற கட்சித் தலைவரே அப்படிச் சொன்னபின் யார் கேட்பார்கள்? அண்ணன் தூணில் சாய்ந்து நின்றான். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “எதை நெனச்சு எடுத்த?”

வெள்ளை என்றேன். அவன் என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தான். பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். தோளில் கை போடுவதும் நின்றது. அன்றிலிருந்து சாயங்காலம் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தான்.

மறுநாள் அம்மா துணி நனைக்கும்போது, அப்பா சட்டைப் பையில் இருக்கிறதை எடுத்து வைக்கச் சொன்னாள். பீடிக்கட்டு, தீப்பெட்டி, அந்தப் பொட்டலம். பிரிக்கக் கூடாது என்று தெரியும். பிரித்தேன். வெள்ளை அரளி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு அரளி வாடிக் கிடந்தது.

நான் சிவப்பு சிவப்பு என்று கேட்டதில் அம்மன் வெள்ளையையும் சிவப்பாக்கிவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். வேண்டினது அவளுக்குக் கேட்டதென்றால், அண்ணனிடம் சொன்ன பொய்யும் கேட்டிருக்குமே? பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அண்ணனுடைய மாலைக்கண்ணை எடுத்து எனக்குத்தான் வைக்கப் போகிறாள் என்று முடிவே பண்ணிவிட்டேன். பூவை எருக்குழியில் புதைத்தேன். தினமும் சாயங்காலம் வாசலில் நின்று மேற்கே மலை தெரிகிறதா என்று பார்ப்பேன். பொழுது சாய்ந்தால் மலை யாருக்கும் தெரியாது. அது எனக்குத் தோன்றவில்லை. மலை மங்க மங்க, குத்திவிட்டாள், குத்திவிட்டாள் என்று உள்ளே ஓடிப்போய் விளக்கைப் பார்ப்பேன். விளக்கு தெரியும். மறுநாளும் அதே கதை. சோறு இறங்கவில்லை. அப்பா அந்த மாசம் புதிதாக ஆட்டு ஈரல் வாங்கிவர ஆரம்பித்தார். அதையும் முருங்கைக்கீரையையும் அண்ணன் தட்டில் மட்டும் வைக்கச் சொன்னார். லிஃப்டர் ஆகாத பிள்ளைக்கு ஆறுதல் போலிருக்கிறது, பொய் சொன்ன எனக்கு ஒன்றும் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தயத்தன்று தெருவே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனது. பள்ளிக்கூட மைதானத்தில் கம்பு நட்டு டியூப் லைட் கட்டியிருந்தார்கள். அண்ணன் வரமாட்டேன் என்றவனை அப்பா அதட்டிக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். நெட்டையன் முதல் ஆட்டத்தில் பந்தைப் பூ மாதிரி தூக்கிக் கொடுத்தான். ஜெயித்தோம். ரெண்டாவது ஆட்டத்தில் பொழுது சாய்ந்தது. லைட் எரிந்தது. எனக்குப் பட்டப்பகல் மாதிரிதான் இருந்தது.

அண்ணன் கண்ணைக் கசக்கினான். திரும்பவும் கசக்கினான். பிறகு மூணு வாரத்தில் முதல் தடவையாக என் தோளில் கையை வைத்தான்.

“ஏட்டி, பந்து இப்ப யார்ட்ட இருக்கு?”

நான் சொன்னேன். அவிய பக்கம் போயிருச்சு, நம்ம ஆளு எடுத்துட்டான், நெட்டையன் தூக்கிட்டான், அடிச்சாச்சு, வெளியே விழுந்துருச்சு. வாய் ஓயாமல் ஆட்டம் முடிகிற வரைக்கும் அவன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூணாவது ஆட்டத்தில் தோற்றோம். அதுகூட அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே அடுத்த வருசத்துக்கு யாரை எடுப்பது என்று ஆரம்பித்துவிட்டார்கள். நெட்டையன் சரியில்லையாம். தையற்கடைக்காரர் அப்பவே சொன்னேன் என்றார். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடைக்கரைப் பாதையில் நடந்தோம். தெருவிளக்கு கிடையாது. அப்பா டார்ச்சை வைத்துக்கொண்டு முன்னால் போனார். பின்னால் நானும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணனும். அப்பா டார்ச்சை முன்னால் அடிக்கவில்லை. கையைப் பின்னால் மடக்கி, எங்கள் காலடியில் வெளிச்சம் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டே நடந்தார். கல் வந்தால் அவர்தான் முதலில் இடித்துக்கொண்டார். “தோத்த கிறக்கத்துல மச்சானுக்கு முன்னாடி எது பின்னாடி எதுன்னு தெரியல” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அண்ணன் கண் ஆறேழு மாசத்தில் சரியானது. ரெண்டு வருசம் கழித்து மில்லிலும் சேர்ந்தான். எனக்கு அம்மன் பயம் விட இன்னும் நாளானது. பூசாரியிடம் முன்கூட்டியே சொல்லி ரெண்டிலும் சிவப்பைக் கட்டவைத்தது யார் என்றும், பெஞ்சில் உட்கார்ந்து மகனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினவருக்கு மகனுடைய கண்ணைப் பற்றி எப்போதிருந்து தெரியும் என்றும் எனக்கு யோசிக்கத் தெரிந்தபோது கேட்பதற்கு அப்பா இல்லை.

அண்ணன் இருக்கிறான். அம்மன்தான் தன்னை வேண்டாம் என்றாள் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறான். எங்கே தாயி, முதலிலிருந்து நிறுத்தி வாசி. முழுசும் கேட்டுவிட்டு, அவனுக்கு வாசித்துக் காட்டலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.