வாங்காமல் திரும்பும் பயிற்சி

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் கேண்டீனில் லைம் ஜூஸ் கேட்டேன். கேண்டீன் சேட்டன் சாயா, அதாவது டீ, கொடுத்தார். மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் என்னைக் கண்டதும் அவரே சாயாவை எடுத்து நீட்டினார். அதிலிருந்து மாதக்கணக்கில், எனக்குப் பிடிக்காத சாயாவை நன்றி சொல்லி வாங்கிக் குடித்தேன். இது தொடங்கியது ஓணம் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த திங்கட்கிழமை. பூக்களம் என்ற பூக்கோலம் போட்ட இடத்தில் யாரும் கூட்டாமல் விட்ட செண்டுமல்லி காய்ந்து கிடந்தது. ஆகவே திங்கள்தான்.

நாட்களை இப்படி ஆதாரத்தோடு நினைவில் வைப்பது என் பழக்கம். அம்மா அதை வியாதி என்பாள். உண்மையிலேயே வியாதி என்று சொல்ல வேண்டிய ஒன்று எனக்கு வந்தபோது மட்டும் அதைச் சோம்பல் என்றாள்.

அது வந்தது ஐப்பசியில், துலாமழைக் காலத்தில். ஏற்கெனவே நான் மனிதர்களைக் கண்டால் ஒதுங்குகிறவள். பேருந்தில் என் நிறுத்தம் வந்தால் சொல்லி இறங்கமாட்டேன். வேறு யாராவது இறங்கும் இடத்தில் சேர்ந்து இறங்கி நடந்து திரும்புவேன். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். பயம் இரண்டிலும் சரளமாக வந்தது. மழை பிடித்த பிறகு பயம்கூடப் போய், ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. தலை சீவவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில், கீழே அத்தாவின் மிளகாய்க் கடையிலிருந்து வரும் நெடியில் தும்மிக்கொண்டு படுத்தே கிடந்தேன். நாள்தோறும் நான் செய்த ஒரே காரியம் தும்மல்தான்.

கல்லூரியில் வருகைப் பதிவு குறைந்தது. வகுப்பாசிரியை என்னை அழைத்து விஷயத்தைச் சொன்னார். வகுப்பின் முன்னால் நின்று செமினார் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அந்த ஆண்டு போய்விடும். ஆண்டு போனால் நான் மறுபடி அந்தக் கட்டடத்துக்குள் நுழையமாட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். "கவுன்சலிங் மிஸ்ஸைப் போய்ப் பார்" என்றார்.

கவுன்சலிங் மிஸ்ஸுக்கு அறை கிடைக்காததால் விளையாட்டுச் சாமான் அறையைக் கொடுத்திருந்தார்கள். கால்பந்துகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே என் நாற்காலி. நாங்கள் மௌனமாக இருக்கும்போதெல்லாம் ஒரு பந்து உருண்டு விழும். மிஸ் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டே பேசுவார். பேச்செல்லாம் மலையாளம்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

"செமினார்ல என்ன ஆகும்னு பயப்படுற?"

"எல்லாரும் பார்ப்பாங்க, மிஸ்."

"பார்த்தா?"

"பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் மறுபடியும் போனேன். தோப்பும்படியில் ஒரு டாக்டரிடமும் அனுப்பினார். மாத்திரை அதன்பாட்டுக்கு வேலை செய்தது. கூடவே மிஸ் ஒரு பயிற்சி கொடுத்தார்.

"ஒரு கடைக்குப் போ. ஏதாவது ஒண்ணுக்கு விலை கேளு. வாங்காம திரும்பி வா. கடைக்காரருக்கு உன்னைப் பிடிக்காமப் போகும். போகட்டும். அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு வந்து சொல்லு."

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்தேன். காலையில் கடை திறந்த உடனே எங்கள் தெருவில் ஈ, காக்கை இருக்காது. முதலில் பாத்திரக்கடை. கடைக்கார இக்கா அப்போதுதான் வாசலில் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு புனலைக் காட்டி விலை கேட்டேன். சொன்னார். வேண்டாம் என்று தலையாட்டித் திரும்பினேன்.

"மோளே, கைநீட்டம்!" என்று அலறினார்.

மோளே என்றால் மகளே. கைநீட்டம் என்பது போணி. அன்றைய முதல் வியாபாரம். முதலில் வருகிறவர் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் அன்று முழுக்கக் கடை ஓடாது என்று எங்கள் தெருவே நம்புகிறது. என் அத்தா, இப்படிப் போன ஒருவரைப் படகுத்துறை வரை துரத்திப்போய் மல்லி விற்றுவிட்டு வந்தவர். வியாபாரி மகளான எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் கூட்டத்துக்குப் பயந்த மூளையில் வேறு எதற்கும் இடம் இல்லை. புனலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அடுத்த கடை. எலிப்பொறி. அதற்கடுத்து முதுகு தேய்க்கும் பிரஷ். பிறகு, யாருக்கும் பொருந்தாத ஒரு மழைத்தொப்பி. எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அத்தா செருப்பைத் தேடிக் குனிந்தபோது பார்த்துவிட்டார்.

"ஏம்மா, எலி எங்கே?"

"எலி இல்லத்தா."

"அப்ப இது?"

"காலேஜ்ல வாங்கச் சொன்னாங்க. இல்ல, வாங்க வேண்டாம்னு சொன்னாங்க."

அத்தா பொறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எகனாமிக்ஸ் பெரிய படிப்புதான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மிஸ்ஸிடம் போய், வாங்காமல் திரும்ப முடியவே இல்லை, எங்கள் ஊரில் இந்தப் பயிற்சி நடக்காது என்றேன். மிஸ் காக்கநாட்டில் அடுக்குமாடியில் இருப்பவர். உப்பு முதல் எல்லாவற்றையும் போனில் வரவழைப்பவர். கைநீட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாரே தவிர, அதில் மாட்டியதில்லை.

"சாயங்காலம் போயேன்."

"சாயங்காலம் கூட்டம், மிஸ்."

ஒரு பந்து விழுந்தது. மிஸ் அதைப் பிடித்து, "சரி, நானே வர்றேன். எப்படின்னு பாரு" என்றார்.

அவர் வந்தது புதன்கிழமை. அம்மா வியாழன் என்கிறாள். அன்று மீன்காரர் வரவில்லை, மீன்காரர் வராதது புதன், ஆகவே புதன். மிஸ் நேராகப் பாத்திரக்கடைக்குள் ஏறி, கடையிலேயே பெரிய அண்டாவான பிரியாணிச் செம்பைக் காட்டி விலை கேட்டார். நான் படியில் நின்றேன். இக்கா சொன்னார்.

"வேண்டாம் இக்கா. சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்தார் மிஸ். கவுன்சலிங் அறையில் சிரிக்கும் அதே சிரிப்பு.

"சும்மாவா? டீச்சரே, காலங்காத்தால இவ்வளவு பெரிய செம்பைச் சும்மா கேட்கலாமா?"

இக்கா விலையைக் குறைத்தார். மிஸ் வேண்டாம் என்றார். இக்கா மூடி இலவசம் என்றார். வேண்டாம். பக்கத்துக் கயிற்றுக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஒரு கரண்டியாவது எடுங்க டீச்சரே, பாவம் அந்த மனுஷன்" என்றார். எனக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக மிஸ்ஸால் வாங்க முடியாது. போணி என்பதற்காக இக்காவால் விட முடியாது. மிஸ்ஸின் காதுகள் சிவந்தன. குரல் மெலிந்து, "இல்ல, நான் யோசிச்சு..." என்று இழுத்தார். கை மெல்லக் கைப்பைக்குள் போனது.

அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். என் கை அது. மிஸ்ஸே ஒரு கரண்டியோடு இறங்கிவிட்டால், வாங்காமல் திரும்பக்கூடியவர் உலகத்தில் ஒருவரும் இல்லை என்று ஆகிவிடும். அதற்குப்பின் செமினாராவது, ஒன்றாவது.

"இக்கா, டீச்சரை விடுங்க" என்றேன். "போணி நான் பண்றேன்."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கயிற்றுக்கடைக்காரர் திரும்பினார். எதிர்க்கடையில் தராசு துடைத்தவர் திரும்பினார். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு, நான் மிஸ்ஸிடம் சொன்னபடியே, பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"மிளகாய்க்கடைப் பிள்ளைதானே? இது பேசுமா?" என்றார் கயிற்றுக்கடைக்காரர்.

"இவ்வளவு நாள் சேர்த்து வெச்சிருக்கு" என்றார் தராசு.

கைக்கு எட்டிய ஒரு சாயா வடிகட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். மிஸ் எனக்கு முன்பே இறங்கி, முனை திரும்பும்வரை நிற்காமல் நடந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பார்த்தியா, எவ்வளவு சுலபம்."

அன்று மத்தியானம் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து பாத்திரக்கடையில் இருந்த பிரியாணிச் செம்புகளை எல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். அங்கே பிடித்தது வினை. எனக்குக் கைராசி என்று இக்கா முடிவு கட்டிவிட்டார். மறுநாள் நான் பேருந்துக்குப் போகும்போது, "மோளே, ஒரு ஆணியாவது வாங்கிட்டுப் போ" என்று மறித்தார். கயிற்றுக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். அடுத்த வாரம், வாங்கக்கூட வேண்டாம், ஒன்றைத் தொட்டுவிட்டுப் போனால் போதும் என்று சலுகை வந்தது. யார் கண்ணிலும் படாமல் வாழ நினைத்தவள், ஒவ்வொரு கடையாகத் தொட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு வேறு வழியும் இல்லை.

எல்லா நாளும் எழ முடிந்தது என்று எழுதினால் பொய். ஒரு காலை, உடம்பு கட்டிலோடு ஒட்டிக்கொண்டது. அம்மா இரண்டு தடவை எழுப்பிப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் தெருவிலிருந்து இக்காவின் குரல்.

"மோளே, இறங்க வேண்டாம். ஜன்னல் வழியா கையை மட்டும் காட்டு."

நான் அசையவில்லை.

"ஒரு விரல் போதும்."

"அந்தாளு போகமாட்டாரு" என்றாள் அம்மா. "மிளகாய் வாங்க வந்தவங்களும் நின்னு பார்க்கிறாங்க. உங்கத்தா வியாபாரம் கெடுது."

எழுந்து போய் ஜன்னலில் கையை நீட்டினேன். கீழே இக்கா ஒரு சல்லடையை அந்தத் திசையில் உயர்த்திப் பிடித்து, பயபக்தியோடு இறக்கிக் கொண்டுபோனார். எனக்குச் சிரிப்பு வந்தது. மழைக்குப்பின் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எழுந்தது எழுந்தாயிற்று என்று தலையைச் சீவிக்கொண்டேன். அம்மா அதுவும் வியாழன் என்கிறாள். இதை மட்டும் நான் மறுக்கவில்லை.

செமினார் ஒரு திங்கட்கிழமை. வருகைப் பதிவு எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. பாட ஆசிரியர் உள்ளே வந்து, "யார் முதல்ல?" என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். ஆசிரியர் தனியாக நின்று வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி, யாரும் ஏறாத கடை மாதிரி இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வியாபாரி மகளால் அதை எவ்வளவு நேரம் தாங்க முடியும்?

"நான் பண்றேன், சார்."

நன்றாகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நுகர்வோர் நடத்தை என்ற தலைப்பில் தயாரித்ததில் நடுப்பகுதி முழுக்க மறந்துவிட்டது. அந்த இடத்தில் எலிப்பொறி வாங்கிய கதையையும் கைராசிக் கதையையும் சொன்னேன். வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "உன் கையால தொட்டா எனக்கும் மார்க் விழுமா?" என்றான்.

"முதல்ல ஏதாவது வாங்கு" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். ஆசிரியர், பரீட்சை எழுதலாம் என்பதுபோல் தலையசைத்து எனக்கு மதிப்பெண் போட்டார்.

அதே தைரியத்தில் நேராகக் கேண்டீனுக்குப் போனேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே சேட்டன் சாயாவை ஊற்றி வைத்துவிட்டார். ஊற்றியதை என்ன செய்வது? குடித்தேன்.

மறுநாள், அவர் கண்ணில் படும் முன்பே கல்லாவுக்குப் பக்கவாட்டில் போய் நின்று, லைம் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிழிந்து கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். அதை நான் சொல்லவில்லை.