ஈஸ்வரி படித்த இங்கிலீஷ்

ஈஸ்வரி போய்விட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது, நான் ஆண்கள் வார்டில் ஊசிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். படுத்திருந்தவருக்கு ஊசியைப் போட்டு, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மருந்து அறைக்குள் போய்த்தான் அழுதேன். போடி ஆஸ்பத்திரியில் எங்களோடு ஒன்பது ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள். முப்பத்து நான்கு வயது. அவளோடு டியூட்டி பார்த்த உங்களுக்கும், அவள் கையால் ஊசி போட்டுக்கொண்ட உங்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான இங்கிலீஷ் தேர்வுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் படிக்கத் தொடங்கினோம். முதல் முறை தோற்றதுமே நான் விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. எங்களைத் திணறடித்தவை சின்னச் சொற்கள்தான். ‘புட்’ என்றால் வை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ‘புட் அவுட்’ என்றால் அணை, ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். “இதுல ‘வை’ எங்கத்தா போச்சு?” என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். ஈஸ்வரி டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொன்னாள்: “நாம மட்டும் என்னவாம்? சோத்த எடுத்து வைங்கிறோம், கதைய எடுத்து விடுங்கிறோம். வெள்ளைக்காரன் தமிழ் படிச்சா அவனும் அழத்தான் செய்வான்.”

குரங்கணிக்கு மலையேற வந்த ஒரு வெளிநாட்டுக்காரரை ஒரு மத்தியானம் ஜீப்பில் கொண்டுவந்தார்கள். வேர்த்துக் கொட்டி, மலங்க மலங்க விழித்தார். கூட வந்த மனைவி ‘பாஸ்டு அவுட்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பதறினார். நம் ஊரில் ‘பாஸ் அவுட்’ என்றால் படிப்பை முடிப்பதுதானே? “எந்தக் காலேஜாம்?” என்று கேட்டார் ஜீப்பு ஓட்டி வந்த அண்ணன். நானும் விழித்தேன். ஈஸ்வரி ஓடி வந்தாள். “மயங்கி விழுந்திருக்காருத்தா! வெரசா சுகர் பாரு.” சர்க்கரை பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வெளிநாட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் ஈஸ்வரியின் தேர்வு முடிவு வந்தது. அரை மதிப்பெண்ணில் தோல்வி.

நான்காவது முறை தேறினாள். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்த அவள் அம்மா, “எம் மக பறக்கப்போறாத்தா” என்று என்னைக் கட்டிக்கொண்டார். விசாவுக்கான உடல் பரிசோதனையில்தான் தெரிந்தது, இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போயிருந்தன. கால் வீங்குவது நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்று அவள் நினைத்தாள். நர்ஸான நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலை தருவதாக இருந்த இடத்திலிருந்து வந்த மின்னஞ்சலை என்னிடம் நீட்டினாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். “‘டர்ன் டவுன்’னு போட்டிருக்கா? வேணாம்னுட்டாங்கன்னு அர்த்தம். நான் படிச்சிருக்கேன்” என்றாள்.

அதன்பின் டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் தேனிக்கு பஸ். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவர் சிறுநீரகத்தை எடுத்து ஈஸ்வரிக்குப் பொருத்த முடியாது என்றார்கள். ஊசிக் குழாய்களோடு படுத்துக்கொண்டும் ஈஸ்வரி அந்த இங்கிலீஷ் சொற்களையே படித்தாள். “இனிமே இது எதுக்குத்தா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “வேற என்ன சோலி இருக்கு எனக்கு? நீ கேளு, நான் சொல்றேன்.” கேட்டேன். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசி மாதம் படிப்பதை அவளே நிறுத்தினாள். “‘கிவ் இன்’னா பணிஞ்சு போறது, ‘கிவ் அப்’னா விட்டுடுறது, ரெண்டும் வேற வேறன்னு எவ்வளவு மல்லுக்கட்டுனேன். இப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, அவள் அம்மா ஒரு நீல நோட்டைக் கொண்டுவந்தார். “எம் மக என்ன எழுதியிருக்கான்னு படிச்சுச் சொல்லுத்தா.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஈஸ்வரி சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்கு நேரே, அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி என்னோடு அழைத்துக்கொள்ளும் நாளை எதிர்பார்த்திருக்கிறேன் என்று இங்கிலீஷில் இருந்தது.

“எல்லாம் பாடந்தாம்மா” என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லி வாங்கி வந்த அந்த நோட்டுதான் ஈஸ்வரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது.