பலகையில் எழுதிய உச்சிவேளை

எங்கள் கல்லூரியின் செய்திப் பலகையை இரண்டு வருஷம் நான்தான் எழுதினேன். கலைப் பிரிவுக்கும் அறிவியல் பிரிவுக்கும் சேர்த்து ஒரே கரும்பலகை, மாடிப்படிக்குப் பக்கத்தில். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் பழையதை அழித்துவிட்டு, அந்த வாரத்துச் செய்திகளை இங்கிலீஷில் எழுதிவிட வேண்டும். யாருடைய சொற்பொழிவு, எந்த அறையில் விவாதம், கெமிஸ்ட்ரி லேபில் கிடந்த குடை யாருடையது எல்லாம் அதில் வரும். என் கையெழுத்து அழகாக இருக்கும். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பலகையில் இடம் இரு பிரிவுக்கும் சமம்தான். கூட்டம் மட்டும் கலைப் பிரிவுக்கே போகும். அவர்கள் நாடகம் போட்டால் ஜன்னலில் ஏறி நிற்பார்கள். அறிவியல் பிரிவான நாங்கள் கூட்டம் போட்டால் பேராசிரியர் வருவார், பியூன் வருவார், மின்விசிறிக்குக் கீழே தூங்குவதற்கு நாலு பேர் வருவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அறுபதுகளின் நடுவில், நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்தபோது, டிசம்பர் தொடக்கத்தில் பலகையின் பாதியை நானே எடுத்துக்கொண்டு இப்படி எழுதினேன்: “வெள்ளிக்கிழமை 11.59-க்குச் சூரியன் நம் முற்றத்தில் உச்சிக்கு வருகிறது. ஒரு நிமிஷம் முன்னுமில்லை, பின்னுமில்லை. வந்து பாருங்கள்.”

செய்முறை சுலபம். முற்றத்தில் ஒரு கம்பியை நேராக நட்டு நிழலை அளந்துகொண்டே வர வேண்டும். நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அதுதான் உச்சிவேளை. நேரத்தை நான் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். உதயம் 6.18, அஸ்தமனம் 5.40. இரண்டுக்கும் நடுப்புள்ளி 11.59. பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் குறைவு. இதைவிட ஒழுங்கான விடை இருக்க முடியுமா?

இந்த வீராப்புக்குப் பின்னால் வேறொரு காரணம் இருந்தது. எங்கள் வீடு பம்பாயில், மாட்டுங்கா லேபர் கேம்பில். அப்பாவுக்குத் தாராவியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. சொந்தக்காரர் ஒருவர் கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் கேட்டு வீட்டுக்கு வருகிறார். சரியென்றால் என் படிப்பு அத்தோடு முடிந்தது.

“டைப்படிச்சா மாசம் பொறந்தா சம்பளம் வருமுன்னு எனக்குத் தெரியும். நீ படிக்கியே, அது என்னதுன்னே எனக்குத் தெரியல. பொய் சொல்லவா ளா?” என்றார் அப்பா. மகளான என்னிடம் ஊர் வழக்கப்படி ‘ளா’ போட்டுத்தான் பேசுவார்.

“அப்ப வந்து பாருங்கப்பா.”

“வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம். வந்து நிக்கேன், பாக்கேன். அது கழிஞ்ச பொறவு, படிப்பா வேலையான்னு அங்கனயே சொல்லுதேன்.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். கோபப்பட மாட்டார், மாற்றவும் மாட்டார். ஆனால் நிழல் பார்க்கும் கம்பியை அவரேதான் லேத்தில் கடைந்து கொடுத்தார். அதன் உச்சியில் ஒரு தகடு, தகட்டில் ஒரு துளை. நிழலுக்கு நடுவே அந்தத் துளை வழியாக ஒரு வெளிச்சப் பொட்டு விழும். அதை வைத்து ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுகூடப் பிசகாமல் அளக்கலாம்.

வெள்ளிக்கிழமை நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். நூறு பேர் இருக்கும். பலகையில் அப்படிச் சவால் விட்டால் வராமல் இருப்பார்களா? கலைப் பிரிவுச் செயலாளர் தன் பட்டாளத்தோடு முன்னால் வந்து நின்றார். அவரும் மாட்டுங்காத் தமிழர்தான்; ஆனால் கிங்ஸ் சர்க்கிள் பக்கம், ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். அப்பா பதினொன்றே முக்காலுக்கு வந்து தூணோரம் நின்றார், கல்யாணங்களுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

11.59 வந்தது. பொட்டு விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, “இதுதான்!” என்று சத்தமாக அறிவித்தேன். கைதட்டினார்கள். இனி நிழல் வளர வேண்டும்.

வளரவில்லை. பன்னிரண்டு ஐந்துக்குப் பொட்டு என் கோட்டைத் தாண்டிக் கம்பியின் பக்கம் வந்திருந்தது. பன்னிரண்டு பத்துக்கு இன்னும் கிட்டே வந்தது. நிழல் பாட்டுக்குக் குறுகிக்கொண்டே இருந்தது.

“என்னம்மா, உங்க சூரியனும் ஸ்லோ லோக்கல் ரயில்லதான் வரானா? நாழியாறதே!” என்றார் செயலாளர். அதையே இங்கிலீஷிலும் சொன்னார்; முற்றமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. கம்பி சாய்ந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அது நல்ல சாக்காகப் பட்டது. நானும் அதைப் பிடித்துக்கொண்டு, “கம்பிதான் கோணல்” என்று சொல்லிவிட்டேன். அதைக் கடைந்தவர் தூணோரம் நிற்பது அந்த நிமிஷம் எனக்கு மறந்துபோனது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பையிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டை எடுத்துக் கம்பிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். நூலும் கம்பியும் ஒட்டினாற்போல நின்றன.

“கம்பி நேராத்தான் நிக்கி. தப்பு வேற எங்கயோ இருக்கு. தேடு” என்றார்.

பௌதிகப் பேராசிரியர் மராட்டிக்காரர், எதையும் பதறாமல் கேட்பார். உதய நேரத்தை எங்கே பார்த்தாய் என்று கேட்டார். வீட்டுக் கேலண்டரில் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. அன்று காலை ஆறரைக்குக் குழாயடியில் குடத்தோடு நின்றேன். இருட்டில் முன்னால் நிற்பவளின் முகம் தெரியவில்லை. 6.18-க்கே சூரியன் வந்துவிட்டது என்று கேலண்டர் சொல்கிறது, ஆறரைக்கு நான் இருட்டில் நிற்கிறேன். தினமும் இதே கதைதான். ஒரு நாளாவது யோசித்தேனா?

அது மெட்ராசில் அச்சடித்த தினசரிக் கேலண்டர். லேபர் கேம்பில் எந்தத் தமிழர் வீட்டுச் சுவரிலும் அதுதான் தொங்கும். கிங்ஸ் சர்க்கிளிலும் அதுதான். நாங்கள் எல்லோரும் பம்பாயில் இருந்துகொண்டு மெட்ராஸ் சூரியனைப் பார்த்துத்தான் நல்ல நேரம் குறித்துக்கொண்டிருந்தோம்.

படிக்கட்டில் ஏறி நின்றேன். “கம்பியில் தப்பில்லை. தப்பு என்னுடையது. நான் எழுதியது மெட்ராஸ் நேரம்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அங்கேயே வாய்க்கணக்குப் போட்டேன். மெட்ராஸ் கிழக்குத் தீர்க்கரேகையில் எண்பது பாகைக்குக் கொஞ்சம் மேல், பம்பாய் எழுபத்து மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஏழரைப் பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். ஆக, அரை மணி. “பன்னிரண்டு இருபத்தொன்பதுக்குத் திரும்பும். வேண்டியவர்கள் நில்லுங்கள்.”

ஒருவரும் நகரவில்லை. பாதிப் பேர் நான் மறுபடி விழுவதைப் பார்க்கத்தான் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டேன். பயமாக இருந்தது, ஆனால் கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. செயலாளர் மட்டும் தமிழில் மெதுவாகக் கேட்டார்: “அப்போ எங்காத்துலயும் ராகு காலம் தப்பா?”

“தப்புதான்” என்றேன்.

அப்பாவுக்குத் தமிழில் ஒருமுறை விளக்கினேன்; அளக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். பட்டறை ஸ்கேலைத் தரையில் வைத்து, வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் முட்டி போட்டுக் குனிந்தார். பன்னிரண்டு இருபதுக்கு ஓர் அளவு. முப்பதுக்கு அதைவிட ஒரு நூல் குறைவு. நாற்பதுக்கு அப்பா ஸ்கேலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“ஒரு நூல் கூடிருச்சு. திரும்பிட்டு ளா!”

இந்தத் தடவை கைதட்டல் வேறு மாதிரி இருந்தது. செயலாளரும் தட்டினார், அவரைப் பற்றி நல்லதாகவும் ஒன்று சொல்ல வேண்டுமல்லவா?

அப்பா முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார்.

“அப்போ ராகு காலம் பன்னெண்டுக்கு முடியல. இப்பந்தான் முடிஞ்சிருக்கு, என்னா?”

“ஆமாப்பா.”

“நல்லவேளை, நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.” ஸ்கேலைப் பையில் போட்டார். “நீ படி. சாயங்காலம் அவருட்ட நான் பேசிக்கிடுதேன்.”

சாயங்காலம் பேசியும் விட்டார். பிள்ளைக்கு வேலை இருக்கிறது, காலேஜில் என்றார்; அவ்வளவுதான். திங்கட்கிழமை நான் பலகையில் திருத்தம் போட்டேன்: உச்சிவேளை 12.29, முன்னால் எழுதியது பிழை, பிழை என்னுடையது. அந்த வாரம் முழுக்க அதை அழிக்கவில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இருவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. “ஏம்ப்பா, பன்னெண்டு கழிஞ்சதுமே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பிய?” என்று கேட்டேன்.

அப்பா நடையை நிறுத்தாமலே சொன்னார். “பன்னெண்டுக்குமேல நீ கம்பிதான் கோணலுன்னேல்லா? அப்பமே சொல்லியிருந்தா, டைப்படிக்கப் போன்னுதான் சொல்லியிருப்பேன்.”