முதுகுக்குக் காட்டிய சூடம்

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பீரங்கி மீது இருந்த பெருமையில் பாதி என் மீது இருந்திருந்தால் நான் ராணி மாதிரி வாழ்ந்திருப்பேன். பினாங்கின் தென்கோடியில், பத்து மாவுங் என்ற ஊரின் குன்றின் மேல், வெள்ளைக்காரர்கள் பீரங்கிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரன் கப்பலில் வந்து இறங்குவான் என்று பேச்சு. சிமெண்டு கலக்கும் கூலிகளுக்கு இவர்தான் கங்காணி.

எனக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில். தலைப்பிரசவத்துக்கு நாகப்பட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால், "எங்கயும் போவேணாம் லா. பீரங்கி இருக்கு, எவன் வருவான்?" என்பார். கோட்டை உயர உயர எனக்குப் பயம்தான் வளர்ந்தது. ஆபத்து வராத இடத்தில் எவனாவது இவ்வளவு சிமெண்டைக் கொட்டுவானா?

ஆயுத பூசை வந்தது. மண்வெட்டி, கடப்பாரையோடு பீரங்கிக்கும் பொட்டு வைத்தே தீருவோம் என்று நம் ஆட்கள் பிடிவாதமாக நின்றார்கள். துரைக்கு என்ன தோன்றியதோ, சரி என்றுவிட்டார். குடும்பத்தோடு மேலே போனோம். பீரங்கிக்கு உடம்பெல்லாம் சந்தனம், சாமந்தி மாலை வேறு. இவர் சூடத்தட்டோடு தயாராக நின்றார். ஆனால் முகத்துக்கு நேராகத்தானே காட்ட வேண்டும்? அதன் வாய் கடலைப் பார்த்து நீண்டிருந்தது. முன்னால் நிற்க இடமில்லை, கீழே வெறும் பாறை.

"துரைகிட்ட சொல்லி நம்ம பக்கம் திருப்பச் சொல்லுங்க" என்றேன்.

இவர் அரைகுறை மலாயில் கேட்டார். துரை சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அந்தப் பீரங்கி இந்தப் பக்கம் திரும்பாதாம், சுவர் தடுக்குமாம். எதிரி வருவது கடல் வழியாகத்தானாம்.

"இந்தப் பக்கமா வந்தா?"

கூலிகள் சிரித்தார்கள். "சும்மா இரு லா" என்றார் இவர். சூடத்தைப் பீரங்கியின் முதுகுக்குத்தான் காட்டினார். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடியும் அணைந்தது.

வீட்டுக்கு வந்ததும், அம்மா வீட்டுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வேறு வழியில்லாமல் கப்பலேற்றிவிட்டார். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு சீக்கிரம் வந்துரு. பீரங்கி எங்கயும் போயிராது" என்று துறைமுகத்தில் நின்று சிரித்தார்.

மகள் பிறந்தாள். வா வா என்று எழுதிக்கொண்டே இருந்தார். பல் முளைக்கட்டும், நடக்கட்டும் என்று நான் சாக்குச் சொன்னேன். நீங்கள் வாருங்கள் என்றால் மட்டும் பதில் வராது. அந்த மனிதர் மீது எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை.

கடைசியில் ஜப்பான்காரனின் விமானங்கள் வந்தன, கடல் பக்கமிருந்து அல்ல. நல்ல வெயில் ஏறிய காலையாம். டவுனில் சனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். பசாரில் காய் வாங்கப் போன இவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து இழுத்தாராம். "பயப்படாதீங்கண்ணே, பீரங்கி இருக்கு லா" என்று இவர் கையை உதறிவிட்டாராம்.

குண்டு விழுமுன் ஓடிப் பிழைத்த அந்த ஆள்தான், சண்டை முடிந்தபின் நாகப்பட்டினத்துக்கு வந்து எனக்கு இதைச் சொன்னார்.