சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் முதல் ரேங்க்

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் முடித்த கையோடு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தேன். வீட்டில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எங்கள் பள்ளியில் பரீட்சை கிடையாது, ரேங்க் கிடையாது. சார்கூடக் கிடையாது, அண்ணேதான். வருஷக் கடைசி நாளில் பெற்றோரைக் கூப்பிடுவோம். என்ன கற்றோம், அடுத்த வருஷம் என்ன செய்யப்போகிறோம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். அதுதான் ரிப்போர்ட் கார்டு.

போன ஏப்ரலில் அந்த நாளன்று எனக்குச் செம உதறல். என் ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி, படு சுட்டி. அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்க் போடும் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டும் என்று அவள் அப்பாவுக்கு நினைப்பு. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் பிட்டர் அவர். வகுப்போடு கண்மாய்க்குப் போய்ப் பறவைகளை எண்ணி அவள் வரைந்த படத்தையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"எல்லாஞ் சரி தம்பி. எம்மவ எத்தனாவது ரேங்க்?"

"இங்க ரேங்க்லாம் கெடையாதுண்ணே."

"பொறவு நல்லாப் படிக்காளா இல்லையான்னு எதை வச்சுச் சொல்லுவிய?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நாந்தேம்ப்பா பர்ஸ்ட் ரேங்க்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அப்பாவின் கையைப் பிடித்து சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். சுவர் முழுக்கச் சாக்பீஸில் பேர், மார்க், பாஸ், பெயில். மதியச் சோற்றுக்குப் பிறகு நாங்கள் வாத்தியார்கள் உட்கார்ந்து அரட்டையடித்த நேரத்தில், பிள்ளைகள் இங்கே பரீட்சை நடத்தியிருக்கிறார்கள்! ஹால் டிக்கெட் உண்டாம். பறக்கும் படை உண்டாம். கேள்வி கேட்பதும் மார்க் போடுவதும் இவள்.

"யாரு இதெல்லாம் சொல்லித்தந்தா?" என்றேன்.

"யாருஞ் சொல்லலண்ணே. மத்த ஸ்கூல்ல எல்லாம் இருக்குல்லா? நமக்கு மட்டும் இல்லன்னா சிரிக்காவ."

அப்பா முகமெல்லாம் பல். இவ்வளவு கெட்டிக்காரியை இனி இங்கே விடவா போகிறார்? முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் கடைசிப் பேரைப் படித்தார். அதற்கு நேரே பெயில் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பேருக்குரிய வன்னியம்பட்டிச் சிறுமி பக்கத்திலேயே நின்றாள்.

"ஏட்டி, ஒன்னைய பெயிலுன்னுல போட்டிருக்கு?"

"ஆமா மாமா," என்றாள், ஏதோ சளி பிடித்திருக்கிறது என்பதுபோல. "நான் அடுத்த வருசமும் அஞ்சாப்புதேன். அதான் இப்பம்லாம் பறவை எண்ணப் போறதில்ல. பெயிலானவ எண்ணுனா தப்பா வரும்லா."

கொஞ்ச நாளாகவே அவள் கண்மாய்ப் பக்கம் வருவதில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நான் விட்டுவிட்டிருந்தேன்.

அவர் உள்ளங்கையால் சுவரைத் துடைக்க ஆரம்பித்தார், கீழேயிருந்து மேலே.

"அப்பா! அது ரிசல்ட்டு!"

முதல் ரேங்க்கும் போய்விட்டது.

"ஒம்பதாப்புல நானும் பெயிலு தம்பி. போர்டுல பாத்துட்டு நேரா மில்லுக்குப் போனவந்தேன்," என்று கையைத் தட்டிக்கொண்டு மகளைக் காட்டினார். "இவ இங்கனயே இருக்கட்டும். இவளுக்கு இன்னும் படிப்பு வரல."

அவள் போகவில்லை என்று நான் குதித்திருக்க வேண்டும். முடியவில்லை. வன்னியம்பட்டிக்காரியிடம், "ஜூன்ல மொத நாளே கண்மாய்க்குப் போவோம், வாரியா?" என்றேன்.

அவள், வரலாமா என்று கேட்பதுபோல, முதல் ரேங்க்காரியின் முகத்தைப் பார்த்தாள்.