பரமசிவத்தின் கை

பரமசிவத்துக்குக் கைராசி உண்டு என்று லிட்டில் இந்தியாவில் பலர் நம்புகிறார்கள். பரமசிவமும் நம்புகிறார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுவதானால் அந்தக் கையைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்றபடி அவர் நம்மைப் போன்ற ஆள்தான். சுவா சூ காங்கில் நாலறை வீடு, மனைவி, முழங்கால் வலி, இணையத்தளங்கள் கட்டித் தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் மேலாளர் வேலை.

கைராசி பிறந்த கதை இது. தொலைபேசி அட்டை விற்ற காலத்தில் அவருடைய நண்பர் ஒருவர் டன்லப் தெருவில் கடை திறந்தார். முதல் அட்டையைப் பரமசிவம் வாங்கினார். கடை அமோகமாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்குவிடுதிகளிலிருந்து ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் வந்து இறங்கி, ஊருக்குப் பேச அட்டை தேடி அலைந்த காலம் அது. அந்தத் தெருவில் ஒரு விளக்குக் கம்பம் அட்டை விற்றிருந்தால் கம்பமும் பணக்காரனாகியிருக்கும். ஆனால் நண்பர் எல்லாரிடமும் சொன்னது, "சிவம் கை பட்டுச்சு, ஓடுது."

அதன் பிறகு பரமசிவத்தைக் கூப்பிட்டு ஒரு முடிதிருத்தகம் திறந்தார்கள், மூடினார்கள். ஒரு புடவைக் கடை திறந்தார்கள், அதையும் மூடினார்கள். முடிதிருத்தகத்துக்கு வாஸ்து சரியில்லையாம். புடவைக் கடையில் பங்காளியின் கண் பட்டதாம். கெட்டுப் போனதற்கெல்லாம் வெளியே ஒரு காரணம் அகப்பட்டது. நன்றாகப் போனதற்கு மட்டும் அவர் கை. இப்படிக் கணக்குப் பார்த்தால் என் செருப்புக்கும் ராசி உண்டு.

அவர் படிக்காதவரும் அல்லர். பாலிடெக்னிக்கில் கணினி படித்துப் பட்டயம் வாங்கியவர். படிப்பு ஒரு மேசை டிராயரிலும் நம்பிக்கை இன்னொரு டிராயரிலும் இருந்தன. ஒன்றை இழுக்கும்போது மற்றது திறந்ததே இல்லை.

நிறுவனம் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளி தில்லையம்பலம், இங்கேயே பிறந்த யாழ்ப்பாண வம்சாவளிக்காரர். நகைக்கடை, சாப்பாட்டுக் கடை, திருமண மண்டபம் என்று நம்மவர்களின் தொழில்களுக்குத் தளம் கட்டிக் கொடுப்பார். எல்லாமே பிஎச்பி என்ற நிரல்மொழியில், லாராவெல் என்ற சட்டகத்தின் மேல் கட்டியவை. வீடு கட்டுவதற்கு முன் நிறுத்தும் தூண், உத்தரம் மாதிரி ஒரு ஏற்பாடு அது. அதற்கென்று ஒழுங்கு உண்டு. எதை எங்கே வைக்க வேண்டும், எதை மாற்றினால் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள். படித்தால் போதும்.

பரமசிவம் படிப்பதில்லை. தளம் விழுந்தால் அவரிடம் சில வைத்தியங்கள் இருந்தன. முதலில் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பார். பிறகு சர்வரை அணைத்துப் போடுவார். அதற்கும் மசியாவிட்டால் எல்லாக் கோப்புறைகளுக்கும் எல்லா அனுமதியையும் கொடுத்துவிடுவார். ஒரு அறையின் சாவி காணவில்லை என்பதற்காக வாசல் கதவு முதல் பீரோ வரை எல்லாவற்றையும் ஊருக்குத் திறந்து போடுவதுபோல. இத்தனைக்கும் பிழை என்ன, எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று சட்டகம் தானாகவே எழுதி வைக்கும். அதைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றியதில்லை. என்ன கெட்டது என்று அவர் கேட்டதில்லை. யார் தொட்டது என்றுதான் கேட்பார்.

புதுத் தளத்தை வெளியிடுவதற்கும் அங்கே ஒரு சடங்கு இருந்தது. முறைப்படி, சரிபார்த்த நிரலைச் சேமிப்பகத்திலிருந்து சர்வரே இழுத்துக்கொள்ள வேண்டும். அதில் யார் கையும் படாது. கை படாவிட்டால் ராசி எப்படி ஏறும்? எனவே நல்ல நேரம் பார்த்து, பரமசிவத்தின் மடிக்கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, அவர் தன் கணினியில் இருக்கும் கோப்புகளை மவுஸால் பிடித்து இழுத்துச் சர்வரில் போடுவார். தில்லையம்பலம் கைதட்டுவார். வாடிக்கையாளர் படம் எடுப்பார். லட்டு உண்டு.

அந்த லட்டு தாரகாவுக்கு மட்டும் மேசைக்கு வரும். சடங்கு நடக்கும் அறைக்கு அவளை அழைப்பதில்லை.

தாரகா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், பொறியியல் படித்தவள். சாங்கியில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்த கணவன் போன ஆண்டு மாரடைப்பில் இறந்துபோனான். மகள் சிராங்கூனில் தொடக்கநிலைப் பள்ளியில் படிக்கிறாள். தில்லையம்பலம்தான் "நம்ம ஆக்கள்" என்று இரக்கப்பட்டு வேலை கொடுத்தார். முதலில் தகுதிகாண் காலம். அது தீபாவளி மாதத்தோடு முடியவிருந்தது. வேலை உறுதியானால் அவள் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் வேலை அனுமதி போகும், அதோடு மகளின் பள்ளியும் போகும். இதை அந்த அலுவலகத்தில் எல்லாரும் அறிவார்கள்.

இரக்கம் அவ்வளவு தூரம்தான் வந்தது. நிரல் எழுத அவள் வேண்டும், பிழை திருத்த அவள் வேண்டும். ஆனால் புருஷன் போனவள் என்பதால் வெளியீட்டு நாளில் கண்ணில் படக்கூடாது. இதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "தாரகா, நீங்க கீழ போயி கோப்பி வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்பார் பரமசிவம். நாகரிகமான மனிதர். அவமானப்படுத்தும்போதுகூட கோப்பிக்குக் காசைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

தீபாவளிக்கு முன் ரத்தினம்மாவின் பலகாரக் கடைக்குத் தளம் செய்தார்கள். முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை எல்லாம் இணையத்திலேயே வாங்கலாம். கட்டியது தாரகா. பரமசிவம் இழுத்துப் போட்டார். தளம் ஓடியது. ஆர்டர்கள் குவிந்தன. "சொன்னேன்ல?" என்றார் பரமசிவம்.

சில நாள் கழித்து, சாங்கிப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கும் கட்டணத்தை மாற்றச் சொன்னார் ரத்தினம்மா. அந்தக் கட்டணம் அமைப்புகளில், அதாவது செட்டிங்ஸில், இருந்தது. லாராவெல் வேகத்துக்காகத் தன் அமைப்புகளை ஒருமுறை படித்து மனத்தில் வைத்துக்கொள்ளும். அமைப்பை மாற்றினால், பழைய நினைவை அழித்துப் புதிதாகப் படிக்கச் சொல்ல வேண்டும். தாரகா கட்டணத்தை மாற்றினாள், நினைவை அழித்தாள். தளம் அந்தக் கணமே விழுந்தது. திரை முழுக்கச் சிவப்புப் பிழைப் பக்கம்.

"என் கை வச்சப்போ ஓடுச்சு லா," என்று எழுந்து வந்தார் பரமசிவம். "இத்தனை நாள் நல்லா ஓடிக்கிட்டிருந்தது. நீங்க தொட்டீங்க, படுத்துடுச்சு."

"சிவம் அண்ணை, சேர்வர்ல இருக்கிற செட்டிங் ஃபைல் நான் வச்சது இல்லை. ஆரோ மாத்தியிருக்கினம். ஒருக்கா பாருங்கோ."

"நேத்து வரைக்கும் அதே ஃபைல்தானே இருந்துச்சு? நேத்து எப்படி ஓடுச்சு?"

"நேற்று பழைய நினைவில ஓடினது. இண்டைக்குத்தான் ஃபைலை வாசிச்சது."

அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை. தில்லையம்பலம் தன் அறையிலிருந்து வந்து, சர்வரின் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார். "தாரகா, கொஞ்ச நேரம் கையை எடுத்துட்டு சும்மா இருங்க. சிவம் பார்த்துக்குவார்." சிவம் பார்த்துக்கொண்டார். புதுப்பித்தார், அணைத்துப் போட்டார், எல்லாக் கதவையும் திறந்து போட்டார். கீழே பூக்கடையில் ஒரு எலுமிச்சம்பழமும் வாங்கி வரச் செய்தார். கோடிக்கணக்கான மின்சுற்றுகள் கொண்ட இயந்திரம் எங்கோ ஒரு தரவு நிலையத்தில் இருக்கிறது. பழத்தை இவர் தன் மடிக்கணினியைச் சுற்றி எடுத்தார். தீய சக்திக்காவது முகவரி தெரிந்திருந்தால் சரி.

தளம் எழவில்லை. தில்லையம்பலம் அலுவலக நிர்வாகம் பார்க்கும் பெண்ணிடம் தாரகாவின் வேலை ஒப்பந்தக் கோப்பை எடுத்துவரச் சொன்னார். கதவு திறந்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. தாரகாவுக்கும் கேட்டது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தன் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

அப்போது ரத்தினம்மா படியேறி வந்தார். அகலக் கரைப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, கையில் கைப்பேசி.

"என்னா தில்லை, தீபாவளி வாரத்துல கடைய மூடிட்டீங்க?"

"உட்காருங்கம்மா. சின்னப் பிராப்ளம்தான்." தில்லையம்பலம் குரலைத் தாழ்த்தினார். "சிவம் கையால ஓப்பன் பண்ணது, நல்லா போயிக்கிட்டிருந்தது. நடுவுல கை மாறிட்டுது. அந்தப் பொண்ணு, ஹஸ்பண்ட் தவறிட்டாரு. பாவம்னு வேலை கொடுத்தேன். லைவ் சைட்டத் தொடக்கூடாதுன்னு சொல்லிவச்சிருக்கணும், என் தப்புதான். இந்த மாசத்தோட அனுப்பிடறேன். மறுபடி சிவம் கையாலயே பூஜை போட்டு ஓப்பன் பண்ணிடலாம்."

ரத்தினம்மா உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரரு செத்தது தெரியுமா உங்களுக்கு?"

தில்லையம்பலத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்குத் தேவை இருந்ததில்லை. பட்டுப்புடவையும் நகையும் பணமும் இருக்கும் பெண்ணுக்குப் புருஷனும் இருப்பான் என்று அவராகவே வைத்துக்கொண்டார்.

"அந்தாளு இருந்தப்போ கடை கடன்ல கெடந்துச்சு. செத்த மறு மாசம் அடுப்பு பத்த வச்சது நான். அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் முதல் முறுக்கு புழியறதும் நான்தான். அதத்தான் நீங்க வருஷா வருஷம் வாங்கி சாமிக்கு வைக்கிறீங்க. வயித்த வலிச்சுதா?"

"ஐயோ அம்மா, நான் உங்களச் சொல்லல."

"பின்ன யாரச் சொன்னீங்க? காசு குடுக்கிற முண்டச்சி வேற, சம்பளம் வாங்குற முண்டச்சி வேறயா?"

பரமசிவம் எலுமிச்சம்பழத்தை மேசைக்குக் கீழே வைத்தார்.

ரத்தினம்மா கைப்பேசியை நீட்டினார். காலையில் ஒரு வாடிக்கையாளர் பிழைப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார். "எனக்கு இங்கிலீஷு ரொம்ப வராது. ஆனா இது படிக்க வருது. 'சிவம்'னு ஒரு ஆளுக்கு உள்ள போக அனுமதி இல்லன்னு போட்டிருக்கு. யாரு இந்த சிவம்?"

"அது கம்ப்யூட்டர் பாஷை லா," என்றார் பரமசிவம்.

"பேரு எந்தப் பாஷையில இருந்தா என்னா, பேருதானே?"

காலையிலிருந்து அந்தப் பக்கம் அலுவலகத்தின் எல்லாத் திரைகளிலும் எரிந்துகொண்டிருந்தது. பரமசிவம் அதை ஐம்பது தடவையாவது புதுப்பித்திருப்பார். ஒரு தடவையும் வாசிக்கவில்லை.

"வாம்மா, நீ சொல்லு," என்று தாரகாவைக் கூப்பிட்டார் ரத்தினம்மா.

தாரகா எழுந்து வந்து நின்றாள். "ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிய ஒரு செட்டிங் ஃபைல் இருக்கு அம்மா. டேட்டாபேஸ் எங்க இருக்கு, என்ன பேர், என்ன பாஸ்வேர்ட் எண்டு. சிவம் அண்ணையின்ர லாப்டொப்புக்கு ஒண்டு, சேர்வருக்கு ஒண்டு. ஓப்பன் பண்ணின அண்டைக்கு எல்லாத்தையும் சேத்து இழுத்துப் போட்டிட்டார். அவற்ற ஃபைல் சேர்வர்ல இருந்த ஃபைலுக்கு மேல போய் இருந்திட்டுது. சேர்வர் பழைய நினைவில இவ்வளவு நாளும் ஓடினது. நான் நினைவை அழிக்க, இவற்ற பேரில டேட்டாபேஸ் தேடிச்சுது. அப்பிடி ஒரு பேர் அங்க இல்லை."

"சரி பண்ண முடியுமா?"

"பழைய ஃபைலின்ர பிரதி என்னட்ட இருக்கு. பாஸ்வேர்ட் தந்தா செய்யலாம்."

"குடுங்க," என்றார் ரத்தினம்மா, தில்லையம்பலத்தைப் பார்த்து.

கடவுச்சொல் வந்தது. தாரகா பழைய கோப்பைத் திரும்ப வைத்தாள். பரமசிவம் திறந்து போட்டிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். பிழை விவரங்களை ஊருக்குக் காட்டும் வசதியை நிறுத்தினாள். நினைவை மீண்டும் அழித்தாள். ஆகாத நேரமா, நல்ல நேரமா என்று யாரும் கேட்கவில்லை. தளம் எழுந்தது. ரத்தினம்மா அங்கேயே நின்று தன் கடையிலேயே அரைக் கிலோ அதிரசம் ஆர்டர் செய்து பார்த்தார். போனது.

"இனிமே என் சைட்ட இந்தப் பொண்ணுதான் தொடணும். இது இங்க இல்லன்னா நானும் இல்ல. எங்க போகுதோ அங்க வந்துடுவேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த மாதக் கடைசியில் தாரகாவின் வேலை உறுதியானது. தில்லையம்பலத்துக்கு நியாயம் புரிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ரத்தினம்மா போனால் அவர் பின்னால் இன்னும் நாலு கடைகள் போகும் என்பதுதான் அவருக்குப் புரிந்தது. இந்த நகரத்தில் பல நேரங்களில் நியாயம் இப்படி லாபக் கணக்கின் தோளில் ஏறித்தான் வருகிறது. நடந்து வந்ததை நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போடும் முன் தாரகா ஒன்று கேட்டாள். இனிமேல் எந்தத் தளமும் மடிக்கணினியிலிருந்து போகக்கூடாது. நிரலைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டதும் சர்வர் தானாக இழுத்துக்கொள்ளும்படி அவள் எழுதித் தருவாள். தில்லையம்பலம் தலையாட்டினார். அப்போது அவர் எதற்கும் தலையாட்டியிருப்பார்.

அடுத்து ஒரு நகைக்கடையின் தளம். பரமசிவம் குளித்து, நெற்றியில் சந்தனத்தோடு தாரகாவின் மேசைக்கு வந்து நின்றார்.

"சிஸ்டமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாரகா. மொத தடவை மட்டும் நான் அமுக்கிடறேன். கஸ்டமரு அதுக்குத்தான் வந்திருக்காரு. எந்த பட்டன்?"

"பட்டன் இல்லை, சிவம் அண்ணை."

"என்டர் கீயாச்சும் இருக்குமே?"

"அதுவும் இல்லை. தளம் அப்பவே சேர்வருக்குப் போயிட்டுது. பாருங்கோ, ஓடுது."

பரமசிவம் திரையைப் பார்த்தார். நகைக்கடைக்காரர் உள்ளறையில் கைப்பேசியைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். பரமசிவம் உள்ளே போய், தன் மடிக்கணினியில் அந்தத் தளத்தைத் திறந்து, ஏதோ ஒரு இடத்தில் மவுஸைச் சொடுக்கினார். கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள்.

லட்டுத் தட்டு வெளியே வந்தபோது தாரகா மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரக் கிளம்பிப் போயிருந்தாள்.