இறக்கை முளைத்த மாருதி

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போகும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு சிவப்பு மாருதி ஊர்ந்து போவதை, இரண்டாயிரத்து ஆறில் அந்தச் சாலையோரத்துக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பஸ் நின்றால் காரும் நிற்கும். பஸ் கிளம்பினால் காரும் கிளம்பும். பஸ்ஸில் ஜன்னலோரமாகக் கனகா உட்கார்ந்திருப்பாள். காரில் அவள் புருஷன் கொளஞ்சியப்பனும், அவளுடைய துணிப்பையும், அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகும் பலாப்பழமும் இருக்கும்.

"அந்தக் காரு ஏம்மா நம்ம பின்னாடியே வருது?" என்று ஒருமுறை கண்டக்டர் கேட்டுவிட்டார்.

"அது எங்க வூட்டுக்காரருதாங்க. பைய எடுத்துக்கிட்டு வராரு" என்றாள் கனகா, ரொம்ப இயல்பாக.

பலாப்பழம் காரில் வரலாம், பெண்டாட்டி வரமாட்டாளாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது என்று கொளஞ்சியப்பன் ஸ்டியரிங்கிடம் புலம்பிக்கொண்டே போவான். ஸ்டியரிங் என்ன பதில் சொல்லும்?

கொளஞ்சியப்பன் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் அச்சு செய்கிறவன். பொம்மையோ, கிண்ணமோ, பியூஸ் கட்டையோ, அவன் பாரிஸ் சாந்தில் அச்சு எடுத்துக் கொடுத்தால் அப்படியே வந்து விழும். கைவேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் கோளாறு. தப்பு என்ற சொல்லை மற்றவர்களுக்காகவே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிற ரகம். பொம்மைக்கு மூக்கு உடைந்தால் சாந்து சரியில்லை. வேலைக்கு நேரம் கழித்து வந்தால் ரயில்வே கேட் சரியில்லை.

கனகாவுக்கும் அதே கம்பெனிதான். களிமண்ணும் கல்மா என்கிற வெள்ளைக் கல்பொடியும் எடைபோட்டுக் கலக்கிற இடத்தில் வேலை. சிவப்பு எழுத்தில் எண் காட்டும் பெரிய தராசு ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. சாமிக்கு அடுத்தபடி அவள் நம்புவது அதைத்தான். முதலாளி பழமலைநாதனே ஒரு மூட்டையைக் காட்டி, "அம்பது கிலோ இருக்கும்மா" என்றால், "வெச்சுப் பாத்துடலாங்க" என்பாள்.

காரை மங்கலம்பேட்டை ஷர்புதீன் பாயிடம் வாங்கினார்கள். அவர் துபாயில் மெக்கானிக். ஊரில் சும்மா நின்ற வண்டியைக் கொளஞ்சியப்பனுக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். வாங்கிய புதிதில் கனகாவுக்கும் பெருமைதான். முன்சீட்டில் உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கையாட்டினாள்.

முதல் ஐப்பசி மழை எல்லாவற்றையும் கெடுத்தது. சேத்தியாத்தோப்புச் சாலையில் ஒரு வளைவு. கொளஞ்சியப்பன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அதே வேகத்தில் திருப்பினான். காரின் பின்பக்கம் வழுக்கி, முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி, நாற்று நட்ட வயலுக்குள் இறங்கித்தான் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சேறுதான், தலைமுதல் கால்வரை.

வெளியே வந்ததும் கொளஞ்சியப்பன் பேச ஆரம்பித்தான். ரோடு போட்டவன் சரியில்லை. மழை நேரம் பார்த்துப் பெய்கிறது. இந்த வண்டிக்குப் பின்பக்கம் எடையே இல்லை, பஞ்சு மாதிரி இருக்கிறது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, இவன் மீசையில் நிஜமாகவே அரைக்கிலோ சேறு ஒட்டியிருந்தது. அதோடுதான் இவ்வளவும் பேசினான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் கனகா, புடவையைப் பிழிந்துகொண்டே. "இந்த வண்டி ரோட்டுல ஒட்டிக்கிட்டுப் போவுதுன்னு எனக்குத் தெரியிற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன்."

அன்று நடந்துபோய்ப் பஸ் ஏறியவள்தான். மாதங்கள் பல ஆகியும் ஏறவில்லை. ஆவணியில் அவள் தம்பி தர்மராஜுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய அக்கா பஸ்ஸில் வந்து இறங்க, மூத்த மருமகன் காலிக்காரை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தால் சேத்தியாத்தோப்பே சிரிக்கும். ஆனால் ஊர்ச் சிரிப்பைவிடக் கொளஞ்சியப்பனை வாட்டியது அந்தக் காலி முன்சீட்டுத்தான். பேச்சுத்துணை இல்லாமல் கார் ஓட்டுவது உப்பில்லாத கூழ் குடிப்பது மாதிரி இருந்தது அவனுக்கு.

அந்த நேரம் பார்த்து ஷர்புதீன் பாய் விடுமுறையில் வந்தார். கதையைக் கேட்டுவிட்டு ஒரு பந்தயக் காரின் படத்தைக் காட்டினார். அதன் பின்பக்கத்தில் ஒரு பலகை மாதிரி இறக்கை நின்றது.

"இது அழகுக்குன்னு நினைக்காதீங்க. காரு முதுகு வளைஞ்சிருக்குது பாருங்க, வேகமாப் போவும்போது மேல ஓடுற காத்து வண்டியவே தூக்கப் பாக்கும். அதுக்குத்தான் இந்த றெக்கை. இது வண்டியப் பின்னாடி அமுக்கிப் புடிக்கும். டயரு ரோட்ட விடாது."

கொளஞ்சியப்பனுக்கு அதற்குமேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. ஓட்டமாகக் கிளம்பினான். கடலூரில் சுனாமிக்குப் பிறகு பைபர் படகு கட்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அங்கே தெரிந்தவரிடம் மிச்சம் மீதி பைபரும் பசையும் வாங்கிவந்தான். அச்சு செய்வதுதான் கைவந்த கலையாயிற்றே. ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் லேசாகக் குழிந்து, வால் பக்கம் மெலிந்து, பார்க்கப் பார்க்க ஆசையாக ஒரு இறக்கை வந்தது. பீங்கான் கம்பெனியில் தட்டானாலும் கிண்ணமானாலும் விளிம்பு கோணாமலிருக்கக் கவிழ்த்துத்தான் காயவைப்பார்கள். அப்படிப் பழகிய கை இறக்கையையும் அப்படியே, புடைப்பு மேலே, குழிவு கீழே என்று கார்மேல் வைத்து மாட்டியது.

சிவப்புச் சாயமும் அடித்துக் கம்பெனி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கூட்டம் கூடிவிட்டது.

"பறக்கப் போறியா கொளஞ்சி?" என்றார் சூளைக்காரர் சாமிக்கண்ணு. "திருச்சியில எறங்குவியா, சென்னையிலயா?"

"பறக்கறதுக்கில்லண்ணே, பறக்காம இருக்கறதுக்கு. இது வண்டிய அமுக்கும்!"

கனகா இறக்கையைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள். கொளஞ்சியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அமுக்குதுன்னா, எத்தினி கிலோ அமுக்குது?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருக்கும் என்றே அவன் நினைத்திருக்கவில்லை.

"வெச்சுப் பாத்துடலாங்க" என்றாள் கனகா.

சாப்பாட்டு நேரத்தில் ஏற்பாடு நடந்தது. ஈரப் பாண்டங்களை உலர்த்துவதற்கு ஒரு ராட்சச மின்விசிறி உண்டு. ஆளையே தள்ளிவிடும். அதைத் தராசுக்கு எதிரே கொண்டுவந்தார்கள். காரிலிருந்து இறக்கையை அதைத் தாங்கும் காலோடு கழற்றி, மேலே இருந்த மாதிரியே தராசில் நிறுத்தி, நகராமல் கட்டினார்கள். கனகா பொத்தானை அமுக்கி எண்ணைப் பூஜ்யமாக்கினாள். சத்தம் கேட்டு முதலாளி பழமலைநாதனும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்.

விசிறி உறுமியது. தராசின் எண் துடித்தது. ஏறும் ஏறும் என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு வந்து நின்றது.

"மைனஸுங்க" என்றாள் கனகா. "கொறையுது. ரெண்டு கிலோ தூக்குது."

சாமிக்கண்ணு சிரித்த சிரிப்பில் அவருக்கே புரையேறியது. "நான்தான் அப்பவே சொன்னேனே, பறக்கப் போறான்னு!"

கொளஞ்சியப்பனின் வாய் தன் பழக்கத்துக்குத் தயாரானது. விசிறி சரியில்லை என்று சொல்லலாம். காற்று நேராக வரவில்லை எனலாம். தராசு... தராசைக் குறை சொன்னால் கனகா அன்றே அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விளையாடியது ஞாபகம் வந்தது. உள்ளங்கையை ஒரு பக்கம் சாய்த்தால் கை மேலே போகும். மறுபக்கம் சாய்த்தால் கீழே இறங்கும். காற்று அதே காற்றுத்தான். கொளஞ்சியப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"தப்பு என்னுதுதான். தட்டக் கவுக்கற மாதிரி கவுத்து மாட்டிட்டேன்."

அப்படி ஒரு வாக்கியத்தை அவன் வாயிலிருந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் கனகா.

"கவுத்து மாட்டிட்டேன்னு சொல்றேன்ல!"

"அது இல்ல. மொத ரெண்டு வார்த்த."

"தப்பு என்னுதுதான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். சாமிக்கண்ணு கைதட்டினார்.

இறக்கையைத் திருப்பினார்கள். இப்போது குழிவு மேலே, புடைப்பு கீழே, வால் பக்கம் லேசாக நிமிர்ந்து நின்றது. காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க, கொளஞ்சியப்பன் வெள்ளைப் பொடியை ஒரு பிடி எடுத்து விசிறிக்கு முன்னால் தூவினான். பொடி இறக்கையைத் தழுவி ஓடி, வாலைத் தாண்டியதும் மேல்நோக்கிச் சீறியது. எதிரே நின்ற முதலாளி முகத்தில் போய் அப்பியது. கண் இரண்டும் மூக்குத் துளையும் தவிர மற்றதெல்லாம் சூளைக்குப் போகாத பொம்மை மாதிரி ஆகிவிட்டார் மனிதர்.

"காத்த மேல தள்ளுது, தான் கீழ அமுங்குது!" என்று கொளஞ்சியப்பன் கத்தினான். "மொதலாளி, மன்னிச்சுக்குங்க!"

"மன்னிக்கறது இருக்கட்டும், எண்ணப் பாருய்யா!" என்று பழமலைநாதனும் கத்தினார், பொடியைத் துப்பிக்கொண்டே.

கோடு போய்விட்டது. தராசு இரண்டு கிலோவுக்கு மேல் காட்டியது. விசிறியின் வேகத்தைக் குறைத்தபோது அரைக்கிலோவுக்கு இறங்கியது. கனகா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"காத்து கொஞ்சம் கூடினாலே எடை மடமடன்னு ஏறுது. அப்ப தலைதெறிக்கப் போனாத்தான் இதுக்கு வேலை."

"ஆமா."

"நாம போற வேகத்துக்கு?"

பொய் சொல்ல ஒரு கணம் போதும். தராசு எதிரே இருந்தது.

"ரெண்டு மூணு கிலோ இருக்கும். பெரும்பாலும் சும்மா குந்தியிருக்கும்."

"அன்னிக்கு வளைவுல?"

"வேகமாப் போனேன். பின் டயரு ரெண்டும் மொட்ட. நீ மாத்துங்கன்னு சொன்னே, நான்தான் கேக்கல." அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றான். ஒரு மூட்டை மண்ணை முதுகிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"டயர மாத்துங்க" என்றாள் கனகா. "அப்புறம் பாப்பம்."

கல்யாணத்தன்று காலையில் அவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான்கும் புது டயர். இறக்கை சரியான பக்கமாக நின்றது. கனகா பட்டுப்புடவையில் வந்து, பையைப் பின்சீட்டில் போட்டாள். வழக்கம்போல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பப் போகிறாள் என்று நினைத்து அவன் குனிந்துகொண்டான். முன்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கக் கண்ணாடியை இன்னொருமுறை துடைத்தான்.

ஊரைத் தாண்டியதும் பஸ் அவர்களை முந்தியது. "என்னாம்மா, இன்னிக்கு மாறி ஏறிட்டீங்க!" என்று கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கூவினார். கனகா கையாட்டினாள். இன்னொரு கை கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது. கொளஞ்சியப்பன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினான்.

அந்த வளைவு வந்தது. முதல்நாள் மழையில் சாலை நனைந்துதான் கிடந்தது. அவன் முன்னதாகவே வேகத்தைக் குறைத்தான். ஒரு மாட்டுவண்டி திரும்புகிற நிதானத்தில் கார் திரும்பியது. வலப்பக்கம் அந்த வயல், அமைதியாகப் பின்னால் போனது.

கனகா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். மடியிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். முன்னால் சாலை நேராக நீண்டு கிடந்தது. தூரத்தில் பஸ் சின்னதாகத் தெரிந்தது.

"இப்ப வேணா கொஞ்சம் முடுக்குங்க" என்றாள். "பாவம், அந்த றெக்கைக்கும் ஏதாவது வேலை குடுக்கணுமில்ல."

கொளஞ்சியப்பன் கியரை மாற்றினான். பஸ் மெல்ல மெல்லப் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது.